தனம் பெத்த தங்கம்

மஞ்சளும் சாம்பிராணியும் கலந்த அந்தப் புள்ளப் பெத்த வீட்டு வாசனை இருக்கே… இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியும்.

பயந்துடாதீங்க. அல்சர் இல்ல. பொறாமை!

பிரெஞ்சுக்காரங்க போயி கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்துச்சு. உப்பளம்ங்கற பேட்டையில எங்க கூட்டுக் குடும்பம். எனக்கு ரெண்டாவது பையன் பொறந்த அதே வாரம், என் ஓரகத்தி தனத்துக்கும் தலைச்சன் பையன். தாயில்லாத பொண்ணுன்னு மாமியார் அவளை பிரசவத்துக்கு இங்கயே வச்சுக்கிட்டாங்க. அதுலதான் எனக்கு ஆரம்பிச்சது. பத்தியக் கொழம்புல பூண்டு கூட அவ தட்டுலதான் அதிகமா கெடக்கும்.

என் பையன் அவங்கப்பா மாதிரி நல்ல கருப்பு. அவ பையன்… தங்கம்! பாக்க வர்றவங்க எல்லாம் என் பாயைத் தாண்டி அங்க போயி, "தங்க விக்கிரகமாட்டம் இருக்கான்"னு கொஞ்சுவாங்க. என் புள்ளைக்கு, "ம்… ஆரோக்கியமா இருக்கான்." கேட்டுட்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா?

அதனால பாத்தேன். அவ குளிக்கப் போறப்ப, அசந்து தூங்குறப்ப, அந்தக் கொழந்தையையே பாத்தேன்… அப்படி என்ன பெரிய நிறம்னு. பெத்தவகூட அவ்ளோ பாத்திருக்க மாட்டா. தனம் அத கவனிச்சுட்டு, கன்னத்துல வச்ச திருஷ்டிப் பொட்டை இன்னும் பெருசாக்கினா.

பாக்கப் பாக்க எனக்கு என்னவோ உறுத்துச்சு. நேத்து இருந்த தங்கம் இன்னிக்கு இன்னும் கூடியிருந்துச்சு. பாலும் சரியா குடிக்காம தூங்கிட்டே இருந்தான்.

"அத்தை, கொழந்தை ரொம்ப மஞ்சளா இருக்கான். கண்ணு வெள்ளைகூட மஞ்சளாயிடுச்சு."

மாமியார் திரும்பிக்கூடப் பாக்கல. "அவ பூசிக் குளிக்கிற மஞ்சள் ஒட்டியிருக்கும். ஒனக்கு ஏன்டி அவன் மேலயே கண்ணு?"

மஞ்சள் கண்ணுக்குள்ளயா போயி ஒட்டும்? பொறாமைக்காரி சொன்னா எவ கேப்பா…

எங்களுக்குப் பிரசவம் பாத்த நர்ஸம்மாவைத் தெருவே "மதாம்"னுதான் கூப்புடும். மறுநாள் காலைல அவங்க வந்ததும் நானே கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். "என் புள்ளைய அப்புறம் பாருங்க மதாம், மொதல்ல இவன்."

ஊசி குத்தல, ரத்தம் எடுக்கல. கொழந்தைய முற்றத்து வெளிச்சத்துக்குத் தூக்கிட்டுப் போயி, மூக்கு நுனிய வெரலால லேசா அழுத்தி எடுத்தாங்க. அழுத்துன எடம் ஒரு நொடி வெளுக்கணும். வெளுக்கல… மஞ்சளா நின்னுச்சு. அப்புறம் நெஞ்சு. வயிறு. கடைசில உள்ளங்கால். அங்கயும் மஞ்சள்.

மதாம் மொகம் மாறிடுச்சு. "இது காமாலை. உள்ளங்கால் வரைக்கும் எறங்கிடுச்சு. ரிக்‌ஷா கூப்புடுங்க, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்."

வீடே அவன் பின்னாடி ஓடுச்சு. வீட்டுல நானும் என் கருப்பனும் மட்டும். பயமா இருந்துச்சு, சாமி கும்புட்டேன், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் உள்ளுக்குள்ள… இப்பவும் எல்லாரும் அவன்கிட்டதான!

பொழச்சு வந்தான். வந்த அன்னிக்கு தனம் நேரா என்கிட்ட வந்து, அந்தத் திருஷ்டிப் பொட்டை முந்தானையால அழிச்சுட்டு, கொழந்தைய என் மடியில வச்சா.

"நீ பாரு அக்கா. நல்லா பாத்துகிட்டே இரு."

போன மாசம் தனத்துக்குக் கொள்ளுப்பேரன் பொறந்தான். ஆஸ்பத்திரில ஒரு சின்ன மெஷினை கொழந்தை நெத்தில வச்சாங்க… டிங்! நம்பர் வந்துச்சு. "காமாலை இல்ல ஆயா, நார்மல்"னு சொல்லிட்டு நர்ஸ் பொண்ணு அடுத்த ரூமுக்குப் போயிட்டா. அட, அப்பவே இது இருந்திருந்தா எனக்கு அவ்ளோ பாடு இல்லையேன்னு நெனச்சேன்.

தனம் என் கைய சுரண்டினா.

"மெஷின் கெடக்கட்டும். நீ ஒருவாட்டி பாத்துச் சொல்லுக்கா."

ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, மூக்கு நுனிய அழுத்தி எடுத்தேன். வெளுத்துச்சு, ஒடனே செவந்துச்சு.

"நல்லா இருக்கான்டி"ன்னு சொன்னேன்.

நல்ல நிறம் வேற. என் கொள்ளுப்பேரனைவிட ஒரு படி தூக்கலாவே இருக்கான்… வயிறு எரியுது!