காக்கைக்குப் போன பெயர்

1978, மார்கழி. காலை ஆறு மணிக்கு மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தையிலிருந்து ஒடுகத்தூருக்கு நடந்து இறங்கத் தொடங்கினேன். கையில் ஊறுகாய் பாட்டில், அதில் உடல் கெடாமல் வைக்கும் ஸ்பிரிட், ஸ்பிரிட்டில் ஓர் ஆண் நண்டு.

ஆண் என்பதுதான் முக்கியம். போன வருடம் நான் கொண்டுபோனது பெண். "இதை வைத்து இனம் சொல்ல முடியாது" என்று வகைப்பாட்டு நிபுணர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆண் நண்டின் வயிற்று மடலுக்கடியில் ஈர்க்குச்சி போல இரண்டு உறுப்புகள் உண்டு. அவற்றின் வளைவும் நுனியும்தான் இனத்துக்கு இனம் மாறும். புதிய இனமென்றால் புதுப் பெயர். பெயரை நான் முடிவே செய்துவிட்டேன்: என் மனைவியின் பெயர். "என் பேர் வெக்க ஒரு பூ கூடவா கிடைக்கல?" என்று கேட்டாள் அவள்.

மழை ஓய்ந்து நண்டுகள் வளைக்குள் இறங்கும் நேரம். நான்கு நாள் ஓடையில் கிடந்து பிடித்த ஒரே ஆண் இதுதான்.

வழித்துணைக்கு வந்த மலை விவசாயி சின்னப்பன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நண்டுக்குப் பேர் வெக்கவா சார் இம்மாந் தூரம் வந்தீங்க?"

"ஒவ்வொரு நண்டும் வேற வேறங்க."

"கொழம்புல எல்லாம் ஒண்ணுதாங்க."

பத்து மணிக்கு அடிவாரச் சாவடி. மதுவிலக்குக் காலம், மலையிலிருந்து பாட்டிலோடு இறங்குபவன் சாராயக்காரன்தான். போலீஸ்காரர் மூடியைத் திறந்து மோந்தார்.

"இன்னாய்யா, நண்டு ஊறப்போட்ட சரக்கா?"

"ஆராய்ச்சிங்க. நான் காலேஜ் வாத்தியார்."

என் தாடியையும் கிழிந்த பேண்டையும் பார்த்தார். "பாத்தாலே தெரியுது." ஸ்பிரிட்டுக்கான அனுமதிச் சீட்டு வேலூர் லாட்ஜில், துவைக்கப்போட்ட சட்டைப் பையில் இருந்தது. பாட்டிலில் இருந்த ஸ்பிரிட் அத்தனையையும் தரையில் கொட்டினார். நான் கத்தினேன். பெஞ்சில் உட்கார வைத்தார். உட்கார்ந்தும் கத்தினேன்.

"மெய்யாலுமே வாத்தியாருதாங்க" என்றார் சின்னப்பன். "நாலு நாளா ஓடையிலயே கெடந்தாருங்க, பாவம்."

போலீஸ்காரர் மனம் இளகிவிட்டது. அதுதான் வினை. நண்டோடு தொட்டிப் பக்கம் போனவர், தேக்கிலையில் அதை ஏந்தி வந்தார். "கோச்சிக்காதீங்க வாத்தியாரே. ரெண்டு தண்ணி வுட்டுக் கழுவி, சுத்தமும் பண்ணிட்டேன். வூட்டுக்குப் போனதும் அடுப்புல ஏத்திடலாம்."

புரட்டினேன். வயிற்றில் மடல் இல்லை. ஈர்க்குச்சிகளும் இல்லை.

"மடல் எங்கய்யா?"

"அந்தத் தோலா? காக்காய்க்குப் போட்டேன்."

ஒரு போலீஸ்காரரை அடிக்க வேண்டுமென்று என் கை துடித்தது அன்றுதான். என் நோஞ்சான் உடம்பைப் பார்த்திருந்தால் அந்த நண்டே சிரித்திருக்கும். ஓர் இனத்தின் அடையாளத்தையெல்லாம் கொண்டுபோய் இரண்டு துரும்பில் வைத்த இயற்கைமீது கோபம். சீட்டைச் சலவைக்குப் போட்ட முட்டாள்மீது அதைவிடக் கோபம். ஒடுகத்தூர் டீயில் ஆறவில்லை, வேலூர் பஸ்ஸிலும் ஆறவில்லை. மலை பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. அங்கே என் நண்டின் இனம் இனி அடுத்த மழை வரை பெயரில்லாமல்தான் திரியும்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "காக்காயா தின்னுச்சு?" என்று மட்டும் கேட்டாள் மனைவி. மறுநாள் காலை காக்கைக்குச் சோறு வைத்தபோது, நெய் ஊற்றி வைத்தாள்.