கடற்பசுவுக்குக் கொண்டுபோன கோவா இலை

கனடாவில் மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள லொங்குய்யில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்டெரியில் புஷ்பவதி சமையல் வேலை பார்த்தார். அவரைத் தேடி வந்த யாரும் வெறும் வயிற்றோடு திரும்பியது கிடையாது. தபால்காரருக்கு வடை, பனி அள்ள வருகிறவருக்கு ரோல்ஸ். எதிர்வீட்டுப் பூனைக்குக்கூட மீன் தலை ஒதுக்கி வைப்பார். ஒருவர் வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போவது அவரைப் பொறுத்தவரை பாவம்.

இந்தத் தாராளத்துக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. மகன் லக்ஷன் பக்கத்து ஊரான புரோசார்ட்டில் தனியாக இருந்தான். ஞாயிறு தவறாமல் வருவான், சாப்பிடுவான், கறிகளை டப்பாக்களில் கட்டிக்கொண்டு போவான். சமைக்காவிட்டால் வருவானா என்ற கேள்வி அவரைப் போட்டு அரித்தது. கேட்கவும் துணிவில்லை, மறக்கவும் முடியவில்லை. ஆகவே இன்னும் ஒரு கறி கூடுதலாகச் சமைப்பார்.

கார்டெரியில் பிள்ளைகளுக்குக் கடற்பசுப் படப்புத்தகம் என்றால் உயிர். அதை வாசித்துக் காட்டும், பற்றிக் என்ற பெயருடைய ஆசிரியன், ஃபுளோரிடாவில் அவற்றோடு நீந்திய கதையைச் சொல்லிச் சொல்லிப் புஷ்பவதியின் ஆசையைக் கிளப்பிவிட்டான். ஐம்பது தாண்டிய வயதில் அவர் நகரசபைக் குளத்தில் நீச்சல் பழகினார். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தை மாதம் லக்ஷன் காரோட்ட, தாயும் மகனும் ஃபுளோரிடாவுக்குப் புறப்பட்டார்கள். மொன்றியல் துறைமுகத்தில் லொறி ஓட்டும் கணவர் தியாகலிங்கம், “தண்ணிக்குள்ள நிண்டு மாடு பாக்க எனக்கென்ன விசரா?” என்று வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அங்கே வெதுவெதுப்பான ஊற்று நீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. படகில் ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்த தாயின் வயிறு ஒரு பக்கம் புடைத்திருப்பதை லக்ஷன் கண்டான்.

“என்னம்மா இது?”

“கோவா இலைதான். வெறுங்கையோட போய் நிக்கச் சொல்லுறியோ?”

வழிகாட்டி அஞ்சலீனா சிரிக்கவில்லை. அந்த முட்டைக்கோஸ் இலைப் பையை வாங்கி வைத்துக்கொண்டார். உணவு கொடுப்பது குற்றம்; தீனிக்காகப் படகுகளிடம் வரப் பழகிய கடற்பசு, ஒருநாள் படகின் சுழலியில் அடிபட்டுச் சாகும் என்றார். துரத்தவும் கூடாதாம். அசையாமல் மிதக்க வேண்டும், விருப்பமிருந்தால் அதுவே வரும்.

“விருப்பமில்லாட்டி?” என்று புஷ்பவதி கேட்டார். லக்ஷன் அதை ஆங்கிலத்தில் சொன்னதும், அஞ்சலீனா கையை விரித்தார்.

வெறுங்கையோடு மிதப்பது புஷ்பவதிக்குப் பெரும் கூச்சமாக இருந்தது. முதலில் வந்த கடற்பசு அவரைத் திரும்பியும் பாராமல் போய்விட்டது. ஒன்றும் கொண்டுவராதவளிடம் யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது கீழேயிருந்து இன்னொன்று எழும்பி வந்தது. சோபா அளவு உடம்பு, மீசை முளைத்த மூக்கு. அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று சின்னக் கண்ணால் பார்த்தது. தின்ன ஏதாவது கிடைக்குமா என்று தேடவில்லை. பக்கத்திலேயே ஒரு புரளல் புரண்டு, அங்கேயே கிடந்தது. புஷ்பவதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

“அழுதனீங்களோ?” என்று படகில் லக்ஷன் கேட்டான்.

“கண்ணாடிக்குள்ள தண்ணி போட்டுது.”

திரும்பி வந்தபின் முதல் ஞாயிறு, புஷ்பவதி அடுப்பை மூட்டவில்லை. தியாகலிங்கம் பதறிப்போனார். வழக்கம்போல வந்த லக்ஷன், வெறும் அடுப்பைப் பார்த்துவிட்டுத் தாயைப் பார்த்தான்.

“சுகமில்லையோ அம்மா?”

“சுகமாத்தான் இருக்கிறன். சமைக்கேல்லை.” சொல்லிவிட்டு மகனின் முகத்தையே பார்த்தார்.

லக்ஷன் குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டான்.

“நல்லதாப் போச்சு. நான் வந்தால் நீங்கள் எப்பவும் அடுப்படியிலதான் நிப்பியள். இண்டைக்காவது என்னோட இருந்து கதையுங்கோ.”

புஷ்பவதி மகனுக்கு எதிரே இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொழுதுபட்டபின் பீட்சா வரவழைத்துச் சாப்பிட்டார்கள். தியாகலிங்கம் மட்டும் சோறு கேட்டு முணுமுணுத்தார்.