வாசலில் மட்டும் விளக்கு

தொழிலாளர்களை உற்சாகமாக வைத்திருப்பது எப்படி என்று யாராவது மேடையேறிப் பேசினால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது. அந்த வித்தையை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலேயே, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல்மில்லில் கண்குளிரப் பார்த்துவிட்டேன். அங்கே ஆட்களின் வருகையும் கூலிக் கணக்கும் எழுதும் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன்.

நீராவி எஞ்சினைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு மின்சார மோட்டார் மாட்டிய சமயம். எல்லாம் மாறும்போது ஆட்களும் மாற வேண்டும் என்று மானேஜருக்குத் தோன்றியது. நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் ஒவ்வொரு பெண்ணுக்கும் பழகிய இயந்திரம் ஒன்று இருந்தது. இனி வாரந்தோறும் இடம் மாற வேண்டும் என்றார். ஒரே இடத்தில் வேர்விட்டால் சுறுசுறுப்பு போய்விடுமாம். அவர் மட்டும் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரே நாற்காலியில் வேர்விட்டிருந்தார்.

ரீலிங்கில் ஒரு பெண்ணுக்கு இடது கண் மங்கல். கிழக்குச் சன்னலோர இயந்திரத்தில் உட்கார்ந்தால் அறுந்த இழை அவளுக்குத் தெரியும். மேற்கு மூலை இருட்டில் தெரியாது. சிட்டத்தில் அறுந்த இழை மறுபடி மறுபடி அகப்பட்டால் வேலை போகும். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். நேராக மானேஜரிடமே போய்ச் சொன்னாள்.

"அந்தச் சன்னலோர மிசினை மட்டும் எனக்கு உட்டுப்போடுங்க."

"ஏன் கண்ணு, மாறி மாறி உக்காந்தாத்தானே மனசு புதுசா இருக்கும்?" என்றார் அவர்.

ஒருவரை ஒரே இயந்திரத்தில் வைத்திருக்க மேஸ்திரியின் வாய்வார்த்தை போதும் என்பது அந்த மில்லின் விதி. அதை மானேஜரிடம் எடுத்துச் சொன்னேன். ஒருத்திக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். அப்படியானால் மேற்கு மூலையில் ஒரு பல்பாவது போடலாமே என்றேன். மின்சாரம் மோட்டாருக்கு வந்ததாம். பகலில் விளக்கு ஊதாரித்தனமாம்.

இதற்குள் ஆயுத பூஜை வந்தது. அவரவர் இயந்திரத்தை அவரவரே துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூச்சூட்டுவது அங்கே வழக்கம். மானேஜர் தொழிலாளரை மகிழ்விக்க ஒரு யோசனை கண்டுபிடித்தார். முந்தின நாளே கூலிக்கு ஆள் பிடித்து எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டார். தொழிலாளர்களுக்குச் சிரமம் மிச்சமாம். மில் வாசலில் மேளம், ஆளுக்கொரு லட்டு, வளைவு முழுக்கக் கலர் பல்பு. அது பட்டப்பகலிலும் எரிந்தது.

பெண்கள் பூவும் சந்தனக் கிண்ணமுமாக உள்ளே வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி அந்தக் கண் மங்கலானவளிடம், "அக்கா, லட்டைப் புட்டுப் பாருங்க, உள்ளார பல்பு வெச்சிருப்பாங்க" என்றாள். இவள் சிரிக்கவில்லை. சன்னலோர இயந்திரத்துக்குப் போய், யாரோ வைத்த பொட்டை முந்தானையால் துடைத்தாள். மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். தன் சந்தனத்தை வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியும் தன் பழைய இயந்திரத்துக்குப் போய் அதையே செய்தாள். மானேஜர் பக்கத்தில் நின்ற விருந்தாளியிடம், "பார்த்தீங்களா, என்ன ஈடுபாடு" என்று பூரித்துப் போனார். படித்தவர்தான்.

அடுத்த வாரம் அவளுக்கு மேற்கு மூலை. வார முடிவில் அவள் சிட்டங்களை மேஸ்திரி பிரித்துக் காட்டினார். எல்லாவற்றிலும் அறுந்த இழை. விதி விதிதான் என்று மானேஜர் அவளை நிறுத்திவிட்டார். அவளுக்கு உதவும் விதியைச் சொன்னபோது மட்டும் அந்த மனிதருக்குக் காது கேட்கவில்லை.

அவள் கணக்கு முடித்துக்கொள்ள டைம் ஆபீஸுக்கு வந்தாள். இன்னொரு முறை பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

"உடுங்கய்யா. லட்டு நல்லாத்தானுங்க இருந்துச்சு. நாங் கேட்டது வெளிச்சமுங்க."

வாரேனுங்க என்று சொல்லிவிட்டு வாசல் வளைவுக்கு அடியில் நடந்து போனாள். உச்சிவெயில். பூஜைக்குக் கட்டிய பல்புகளை இன்னும் அவிழ்க்கவில்லை. அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன.