ஜெர்சி மாட்டின் இரண்டாம் பருவம்

அன்று கட்டுத்தரையில் இருந்தது நான், என் அக்கா, அக்கா வீட்டுக்காரர், கால்நடை டாக்டர், இந்த நாலு பேர்தான். ஐந்தாவதாக என் ஜெர்சி மாடு. தொண்ணூறுகளின் நடுவில், அவிநாசிப் பக்கம்.

கன்று போட்டதிலிருந்து மாட்டுக்குக் கர்ப்பப்பையில் சீழ். இரண்டு முறை உள்ளே மருந்து ஊற்றியாகிவிட்டது. அந்த நாட்களில் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. கறந்து கறந்து வேப்பமரத்தடியில் கொட்டினேன். சினையும் நிற்கவில்லை. அந்த ஒரு மாட்டை வைத்துத்தான் என் அடுப்பு எரிந்தது.

"மறுபடி அதே மருந்து வேண்டாங்கம்மா, இனிக் கேக்காது," என்றார் டாக்டர். "பருவத்தை வரவைக்கிற ஊசி போடறேன். கர்ப்பப்பையே அழுக்கை வெளிய தள்ளிப்போடும். பாலையும் கொட்ட வேண்டாம். இந்தப் பருவத்தை விட்டுருங்க. அடுத்ததுல மாடு பின்னால ஒழுக்கற வழும்பு கண்ணாடியாட்டத் தெளிவா வந்தா சினை ஊசி போட்டுக்கலாம்."

"ஏனுங்க டாக்டரு, கண்ணாடின்னா எப்படிங்க? துளிகூட வெள்ளை இருக்கப்படாதுங்களா?" நாலு தடவையாவது கேட்டிருப்பேன்.

"அவரை ஊட்டுக்கு உடு அம்மணி, பரீட்சையா எழுதப் போறே? நானுந்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார் மாமா. அஞ்சாவதோடு நின்ற எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இன்னொரு காதும் கேட்டுவைத்ததில் நிம்மதி.

முதல் பருவத்தில் சீழ் கொட்டியது. அடுத்தது வரும் வாரம் மகள் பிரசவத்துக்குப் பவானி போக வேண்டியதாயிற்று. மாட்டைப் பார்த்துக்கொள்ள அக்காவையும் மாமாவையும் என் வீட்டில் விட்டுப் போனேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தும் பாதிக் கவலை மாட்டின் மேல்தான்.

திரும்பியதும் மாமா உதட்டைப் பிதுக்கினார். "அதே சீழ்தான் கண்ணு. இது தேறாது."

"டாக்டரை ஒருக்கா..."

"கேட்டாச்சு."

அக்கா சாணி வழித்துக்கொண்டிருந்தாள். கறிக்குப் போய்விடுமே என்று அழுதேன்.

"அதுக்கு உடுவனா? கோபில நம்ம தோட்டத்துல நிக்கட்டும். சாணிக்காவது ஆகும்," என்றார். மூவாயிரத்து ஐந்நூறு என்று அவரே விலை சொல்லி, கையில் கொஞ்சம் கொடுத்து, ஓட்டிப் போனார்.

ஏழு மாதம் கழித்து மீதியைக் கேட்கக் கோபிக்குப் போனேன். வாழைத்தோப்போரம் வயிறு பெருத்து நின்றது என் மாடு.

"எப்பக்கா சினை ஊசி போட்டீங்க?"

அக்கா யோசிக்காமல் சொன்னாள். "நீ பவானியில இருந்தியே, அப்பவே. வழும்பு கண்ணாடியாட்ட இருந்துச்சு." சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

மாமா சிரித்தார். "நீயாத்தான் பயந்துக்கிட்டுக் குடுத்துப்போட்டே அம்மணி. நான் என்ன புடுங்கிக்கிட்டா வந்தேன்?"

மீதிப் பணத்தைக் கேட்காமலே திரும்பினேன். வாங்கிக்கொண்டால் நானே மனமொப்பி விற்றதாக ஆகிவிடுமோ என்று பயம். அதன்பிறகு அக்கா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அவர்கள் எனக்குத் தர வேண்டியது இன்னும் இரண்டாயிரம் ரூபாய்.