சுவர் தாண்டிப் போன எல்விராவின் நிழல்

எல்விரா என்சினாஸுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது "பரவாயில்லை". அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பஸ் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கிற ஒரு பெண்மணி பரவாயில்லை என்று நினைக்க ஆரம்பித்தால் எங்கள் பாலைவன நகரமான ஃபீனிக்ஸின் கதி என்ன ஆகும் என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான். எங்கள் காலனியில் அவள் பஸ் ஹாரன் கேட்டால் பிள்ளைகள் மட்டுமல்ல, நாய்களும் வரிசையில் நிற்கும்.

அப்பேர்ப்பட்டவளிடம் அவளுடைய அண்ணன் பேட்டோ கிறிஸ்துமஸ் அன்று வாயை விட்டான். குடும்பம் மொத்தமும் அவள் வீட்டில் உட்கார்ந்து தமாலே தின்றுகொண்டிருந்தது. மக்காச்சோள மாவுக்குள் காரக் கறி வைத்து, தோகையில் சுற்றி வேகவைத்தது. முந்தின நாள் பூராவும் நின்று செய்தவள் எல்விரா. அதில் ஏழாவதையோ எட்டாவதையோ வாயில் அடைத்துக்கொண்டு பேட்டோ சொன்னான்:

"ஜூலை நாலுக்கு வழக்கம்போல எல்லாரும் நம்ம வீட்டுக்கே வந்துடுங்க. நீச்சல் குளம் இருக்கு. எல்வி வீட்டுப் பின்பக்கம் மனுஷன் உட்கார முடியுமா? போன வருஷம் என் செருப்பு அங்கேதான் உருகிச்சு."

அமெரிக்க நாட்டின் பிறந்தநாளை ஒவ்வொரு வருஷமும் தன் நீச்சல் குளத்தின் பிறந்தநாளாக மாற்றிக் கொண்டாடுகிறவன் பேட்டோ. இது குடும்பத்தில் யாருக்கும் தெரியாத விஷயம் அல்ல. யாரும் சொல்லாத விஷயம். ஏனென்றால் ஜூலையில் குளம் வைத்திருப்பவனைப் பகைத்துக்கொள்ள எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

"வர்ற வருஷம் ஜூலை நாலு எங்க வீட்ல" என்றாள் எல்விரா.

அவள் கணவன் லாலோவின் கையில் இருந்த தமாலே பாதி வழியில் நின்றது. லாலோ ஏ.சி. மெக்கானிக். கோடையில் ஊரே அவன் காலில் விழும். வீட்டில் அவன் பேச்சு எடுபடாது.

"வெயில்?" என்றான் பேட்டோ.

"பந்தல் போடறேன். மரப்பந்தல்."

"யாரு போடறா?"

"நான்தான். ஏன், உனக்கு வாயில கறி மாட்டிக்கிச்சா?"

பேட்டோ சிரித்தான். சிரித்து முடித்து, சாட்சிக்கு எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்: "சரிடி. ஜூலை நாலு சாயங்காலம் உன் பந்தல் நிழல்ல என்னை உட்கார வச்சுடு. நான் ஏப்ரன் கட்டிக்கிட்டு எல்லாருக்கும் கறி சுட்டுப் போடறேன். முடியலைன்னா, ஆயுசுக்கும் ஜூலை நாலு என் வீட்ல. பேச்சே கிடையாது."

"பேச்சே கிடையாது" என்றாள் எல்விரா.

பெர்கோலா என்று கடைக்காரர்கள் சொல்கிற அந்தச் சமாசாரம் வேறொன்றுமில்லை. நாலு தூண், உத்தரம், மேலே வரிசையாக விளிம்பில் நிறுத்தி வைத்த மரச்சட்டங்கள். எங்கள் ஊரில் வெயிலுக்குப் பந்தல் போடுவது குளிர்காலத்தில்தான். கோடையில் வெளியே நின்று ஆணி அடிக்கிற ஆளை நாங்கள் மதிப்பதில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவோம். ஆகவே ஜனவரியில் ஆரம்பித்தாள்.

ஆனால் எங்கள் காலனியில் சொந்த மனையில் சொந்தக் காசில் ஒரு குச்சி நடுவதற்கும் குடியிருப்போர் சங்கத்தின் அழகுக் குழு தலையாட்ட வேண்டும். குழுவுக்குத் தலைவர் நார்பர்ட் ஹேக். எல்விராவுக்குக் கிழக்குப் பக்கத்து வீடு. குப்பைத் தொட்டி தெருவில் ஒரு சாயங்காலம் அதிகமாக நின்றால் அதற்காகத் தூக்கம் இழக்கிற மனிதர். வீட்டுக்கு அடிக்க எங்களுக்கு அனுமதித்திருக்கிற நிறங்கள் எல்லாமே மணல் நிறங்கள்தான். அவற்றில் ஒன்றுக்கு 'ஈர மணல்' என்று பெயர் வைத்தவர் அவரே. ஈர மணலை அவர் எங்கே பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை.

நார்பர்ட் வந்தார், பார்த்தார், அவள் குறித்து வைத்திருந்த மேற்கு ஓரத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"இங்கே வேண்டாம், மிஸஸ் என்சினாஸ். சந்து வழியாத் தெருவிலேர்ந்து தெரியும். கிழக்கே தள்ளிடுங்க."

"கிழக்கே உங்க சுவர் இருக்கே?"

"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார், ராஜ்யத்தில் பாதியைத் தானம் கொடுப்பவர் மாதிரி.

அதற்குள் வேறு சூட்சுமம் இருந்ததா என்று எங்கள் தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்றும் வாதாடுகிறது. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. இரண்டு கட்சியிலும் காபி நன்றாக இருக்கும்.

எல்விரா தள்ளிக்கொண்டாள். எங்கள் மண்ணுக்கு மண் என்று பெயரே தவிர, ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்பு இறுகின பாறை. கடப்பாரை பட்டால் தீப்பொறி வரும். பாறை உடைக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்து வந்து, பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்து முறுக்கேறின தோளோடு அவளே குழி போட்டாள். உதவிக்கு வந்த லாலோவுக்கு ஏணியைப் பிடிக்கிற உத்தியோகம் மட்டும் கிடைத்தது. நாயோடு நடக்கப் போகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள், ஒருத்தர் சொன்னதையும் செய்யவில்லை. உத்தரத்தை ஏற்றின அன்று தெருவே சந்துக்குள் வந்து நின்று பார்த்தது. மட்டம் பார்க்கிற குழாயை வைத்தாள். குமிழி நடுவில் போய் நின்று அசையவே இல்லை. பக்கத்தில் இருந்த லாலோவைப் பார்த்து அவள் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். ஒரு மனுஷிக்கு அதற்கு மேல் கைதட்டல் எதற்கு?

மரத்துக்கு ஈர மணல் அடித்தாள். நிழல் அழகாக வடக்கே சமையலறைக் கதவு வரை வந்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே கல் பாவினாள். சிமெண்டுக் கால் வைத்த மேஜை போட்டாள். செங்கல் வைத்துக் கறி சுடுகிற அடுப்பும் கட்டினாள். கட்டி முடித்த அன்று இருவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்த நிழலில் காபி குடித்தார்கள்.

"குளிருதுடி. அந்தப் பக்கம் வெயில்ல உட்காரலாமா?" என்றான் லாலோ.

"நிழலுக்குத்தானே பந்தல் போட்டேன்? உட்காருங்க."

இங்கேதான் தப்பு. இதை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. ஜனவரிச் சூரியன் தெற்கே தாழ்வாகப் போகும், நிழல் வடக்கே நீளும். கோடையில் அதே சூரியன் உச்சந்தலைக்கு ஏறி, சாயங்காலம் மேற்கே இறங்கும். இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் கோடையில் நாங்கள் யாரும் வெளியே போய் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை. எல்லா இடத்திலும் நிற்கிறது என்பது எங்கள் எண்ணம். சந்தில் நின்று யோசனை சொன்ன ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை.

ஜூன் பிறந்தது, பள்ளிக்கூடம் மூடினார்கள். ஒரு சாயங்காலம் எல்விரா மிளகாய்த் தூள் தூவின தர்பூசணித் தட்டோடு பின்கதவைத் திறந்தாள். சிமெண்டு மேஜை தோசைக் கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. பந்தலுக்கு நேர் கீழே போய் நின்றாள். அங்கேயும் வெயில். தலைக்கு மேலே சட்டங்கள் ஜம்மென்று இருக்கின்றன, நிழலை மட்டும் காணோம்.

நாற்காலியைப் போட்டு ஏறிக் கிழக்குச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

அவள் நிழல் அங்கே இருந்தது. முழுசாக, அவள் போட்ட அளவு குறையாமல், நார்பர்ட்டின் சரளைக்கல் தரையில் படுத்திருந்தது. அதன் நட்டநடுவில் மடக்கு நாற்காலியில் நார்பர்ட் கால் நீட்டி, ஐஸ் போட்ட தேநீரோடு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன நார்பர்ட், சௌக்கியமா?"

"ஓ, மிஸஸ் என்சினாஸ்! இந்த வருஷம் சாயங்காலமெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு."

"அப்படியா? ஏனாம்?"

"இயற்கை" என்றார் நார்பர்ட்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "பந்தலோட மேற்குப் பக்கம் நான் ஒரு துணி கட்டிக்கலாமா?"

"துணி தொங்கவிடக் கூடாது. விதி."

"யாரு போட்ட விதி?"

"குழு."

"குழுவுல யாரெல்லாம்?"

"நான். அப்புறம், போன வருஷம் ஒஹாயோவுக்குக் குடிபோன ஒருத்தர்."

அன்று வீட்டில் தர்பூசணியை யாரும் தொடவில்லை. "மச்சான் வீட்டுக்கே போயிடலாமே, பரவா..." என்று ஆரம்பித்த லாலோ, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினான். மறுநாள் பேட்டோ போன் பண்ணினான்.

"என்ன எல்வி, குளத்துல தண்ணி மாத்தி வைக்கட்டுமா?"

"எதுக்கு? நீ இங்கே வரப்போறே. தொப்பி எடுத்துட்டு வராதே, தேவைப்படாது."

சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பந்தலைப் பிடுங்கி நடமுடியாது, அந்தப் பாறையில் இன்னொரு முறை குழி என்றால் தோள் கழன்றுவிடும். தோற்றால் ஒரு வருஷம் இல்லை, ஆயுசுக்கும் அண்ணன் வீட்டுக் குளத்தோரம் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும்.

தினமும் சாயங்காலம் நாற்காலியில் ஏறித் தன் நிழலைப் பார்த்தாள், ஓடிப்போன பெண்ணைத் தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரி. பார்க்கப் பார்க்க, கோபம் போய் வேறொன்று வந்தது. என்ன நிழல்! சுவரின் நிழலும் பந்தலின் நிழலும் கைகோத்துக்கொண்டு பாதித் தோட்டத்தை மூடியிருந்தன. சட்டங்களுக்கு நடுவே ஒரு பொட்டு வெயில் இல்லை. ஊரில் எந்தக் காண்டிராக்டர் இப்படிப் போட்டிருக்கிறான்? நார்பர்ட் எப்போதும் இரண்டு நாற்காலி போடுகிறார் என்பதையும், இரண்டாவதில் யாரும் வந்து உட்காருவதில்லை என்பதையும் கவனித்தாள்.

பிறகு ஒருநாள் சுவரை விட்டு இறங்கி, தெருவைச் சுற்றிப் போய், அவர் வீட்டு வாசல் மணியை அழுத்தினாள்.

"நார்பர்ட், நீங்க தினமும் உட்கார்றது யாரு நிழல்ல?"

"என் மனையில விழற நிழல்ல."

"பந்தல் யாருது?"

"உங்களுது."

"அதை இந்தச் சுவரோரம் தள்ளச் சொன்னது?"

நார்பர்ட் கையில் இருந்த குறுக்கெழுத்துப் பேனாவை மூடினார். மூடுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "நிழலைத் திருப்பித் தர முடியாது, மிஸஸ் என்சினாஸ்."

"திருப்பிக் கேக்க வரலை. அது இங்கேயே இருக்கட்டும். ஜூலை நாலு நாங்க அதைப் பார்க்க வர்றோம். இருபது பேர்."

"இருபதா!"

"பிள்ளைங்களைச் சேர்க்காம."

"மிஸஸ் என்சினாஸ், கூட்டம் கூடறதுக்குன்னு ஒரு விதி..."

"கூட்டம் இல்லை, விருந்து. உங்க வீட்டு விருந்து. உங்க மனையில நீங்க விருந்து வைக்கறதை எந்த விதி தடுக்குது, சொல்லுங்க பாப்போம்."

நார்பர்ட் கண்ணை மூடி விதிகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் புரட்டினார். "ஒண்ணும் தடுக்கலை" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாப்பாடு ரொம்பக் காரமா இருக்குமோ?"

"இருக்கும். உங்களுக்குத் தனியா, இன்னும் கொஞ்சம் காரமா."

அவர் சிரித்ததை எங்கள் தெருவில் முதலில் பார்த்தவள் எல்விராதான். யாரும் நம்பவில்லை.

ஜூலை நாலு சாயங்காலம் பேட்டோ குடும்பத்தோடு வந்து இறங்கினான். தொப்பி இல்லை. பின்பக்கம் வந்து, எரிகிற கல் தரையில் இந்தக் காலும் அந்தக் காலுமாக மாற்றி மாற்றி நின்றுகொண்டு, பந்தலை அண்ணாந்து பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். முகத்தில் பண்டிகை வந்தது.

"எங்கடி நிழல்?"

"இந்தப் பக்கம்" என்று எல்விரா சுவரைக் காட்டினாள். லாலோவின் ஏணிகளில் ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். அத்தைமார்கள் எல்லாம் ஏற்கெனவே தெரு வழியாகச் சுற்றிப் போய் அங்கே நாற்காலி பிடித்துவிட்டார்கள். சுவரில் ஏணி சாத்தக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். நார்பர்ட் அதற்காகவே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"வரிசையா ஏறுங்க. தள்ளக் கூடாது. பெரியவங்க கடைசி" என்றாள் எல்விரா, பஸ் குரலில். பிள்ளைகள் அணில் மாதிரி தாண்டினார்கள். பேட்டோவின் வயிறு சுவர் மேல் கொஞ்ச நேரம் தங்கி ஓய்வெடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனது.

"இது போங்கு! இது உன் வீடே இல்லையே!"

"வீட்டைப் பத்தியா பேசினோம்? உன் பந்தல் நிழல்ல என்னை உட்கார வைன்னுதானே சொன்னே? அண்ணாந்து பாரு. யாரு பந்தல்?"

பேட்டோ லாலோவைப் பார்த்தான். அன்றுவரை எந்தப் பஞ்சாயத்திலும் வாய் திறக்காத லாலோ திறந்தான். "அப்படித்தான் சொன்னீங்க மச்சான். வாயில தமாலே இருந்துச்சு. ஆனா வார்த்தை தெளிவா இருந்துச்சு."

பேட்டோ நார்பர்ட்டின் இரண்டாவது மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். நிழல் அவன் மேல் முழுசாக விழுந்தது, பிடரி முதல் உள்ளங்கால் வரை. முதுகு தானாகச் சாய்ந்தது.

"பரவாயில்லையே" என்றான்.

"பரவாயில்லையா? பாறையை உடைச்சு நான் ஒருத்தி நட்ட தூண். ஒழுங்காச் சொல்லு."

"நல்லா இருக்குடி. சத்தியமா நல்லா இருக்கு. போதுமா?"

ஒரு அத்தை மட்டும், பாவம், விவரம் புரியாமல் கேட்டாள்: "ஏன் எல்வி, பந்தலை உன் வீட்டுக்குன்னு போட்டு, நிழலை இவருக்குக் குடுத்திருக்கே?"

"என் ஒருத்திக்குன்னா குடை போதுமே அத்தை" என்றாள் எல்விரா. கழுத்தை நிமிர்த்தி அவள் இதைச் சொன்ன விதத்தில், ஆரம்பத்திலிருந்தே அதுதான் திட்டம் என்று பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். மீதிப் பேருக்கு நம்புவது வசதியாக இருந்தது.

சூரியன் இறங்க இறங்க நிழல் இன்னும் கிழக்கே நகர்ந்தது. எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே நகர்ந்தார்கள். சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரர் தன் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். நார்பர்ட் கையில் கறி சுருட்டின டார்டியா ரொட்டியும், கண்ணில் மிளகாய்த் தண்ணீருமாக அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "எங்க பந்தல். கிழக்கே தள்ளினா சரியா வரும்னு அப்பவே சொன்னோம்."

எல்விராவுக்கு அது காதில் விழுந்தது. திருத்த வாயெடுத்தவள், அதைவிட முக்கியமான வேலை ஞாபகம் வந்து ஏப்ரனை எடுத்து அண்ணன் மடியில் போட்டாள்.

அடுப்பு செங்கல்லில் கட்டினது. அது சுவர் தாண்டாது. எல்விராவின் சமையலறைக் கதவுக்கு எதிரே, மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில் நின்றது. பேட்டோ மறுபடி ஏணி ஏறி, வயிற்றைச் சுவர்மேல் வைத்து எடுத்து, அந்தப் பக்கம் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. முதல் தட்டுக் கறி சுவர் வழியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது தட்டோடு தக்காளி நிறத்தில் ஒரு முகமும் சுவருக்கு மேலே வந்தது.

"எல்வி... ஒரு தொப்பி இருக்குமா?"

எல்விரா காலை நீட்டி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவருக்கு மேலே வரிசை பிசகாமல் நிற்கிற தன் சட்டங்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"கறி கருகுது பாரு, அண்ணா" என்றாள்.