எங்கள் வக்கீல் சட்டமன்றத்துக்குப் போன பிறகு

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் வர ஐந்து நிமிடம் தாமதமானாலும் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவேன். அப்படிப்பட்டவன் ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவான்?

ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், பிரஸ் மெஷினில் ஒருவனுக்கு இரண்டு விரல் போனது. மெஷினின் பாதுகாப்பு சென்சார் பல நாளாக வேலை செய்யவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். ஒழுங்கீனம் என்று ஏதோ காரணம் காட்டி என்னை டிஸ்மிஸ் செய்தார்கள். எனக்கு அந்த வேலை திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீல் உள்ளூர்க்காரர். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கட்சிக்காரரைத் தெலுங்கில் அதட்டுவார், கன்னடத்தில் சமாதானப்படுத்துவார், தமிழில் மனு எழுதுவார். சேலத்தில் தொழிலாளர் நீதிமன்றத்தில் முதல் விசாரணையன்று எங்கள் மேனேஜரைக் குறுக்குக் கேள்வி கேட்டே மூன்று முறை தண்ணீர் குடிக்க வைத்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அதற்குள் தேர்தல் வந்தது, அவருக்கு சீட் கிடைத்தது. நம் வக்கீல் ஜெயித்தால் நம் கேஸும் ஜெயித்த மாதிரி என்று, அவரிடம் வழக்குக் கொடுத்திருந்த நாங்கள் அத்தனை பேரும் பசை வாளியோடு கிளம்பினோம். உத்தனப்பள்ளி வரை சுவர் சுவராக போஸ்டர் ஒட்டினேன். என்னைப் போல மடையன் இருக்க முடியாது. அவர் ஜெயித்தார்.

பிறகு வாய்தா மேல் வாய்தா. நான்கு மணி நேரம் பஸ்ஸில் சேலம் போனால், அவருடைய ஜூனியர் எழுந்து, "சீனியர் சட்டமன்றக் கூட்டத்தொடரில் இருக்கிறார்" என்பார். அடுத்த தேதி போடுவார்கள். ஒன்றரை வருடம் இப்படியே போனது. கூலி வேலைக்குப் போகும் இடத்திலும் என்னால் நிலையாக நிற்க முடியவில்லை. வீட்டில் சும்மா சும்மா எரிந்து விழுந்தேன்.

வேறு வக்கீல் வைக்கலாம் என்றால் பழையவர் புது வக்காலத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் வழக்கம். வக்காலத்தை எடுத்துக்கொண்டு, அவர் தண்ணீர்த் தொட்டி திறக்க வந்த ஊருக்குப் போனேன். முதியோர் பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் மனு வைத்திருந்தவர்களின் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. தாளை வாங்கினார், முகத்தைப் பார்க்காமலே பச்சை மையில் 'பரிசீலித்து ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உதவியாளரிடம் நீட்டினார்.

"சார், இது மனு இல்ல. வக்காலத்து" என்றேன்.

அப்போதுதான் படித்தார். முகம் சுருங்கிப்போனது. "வேற வக்கீலா? என்னப்பா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தினி பேரு இப்படிப் போயிட்டாங்க தெரியுமா? எல்லா கேஸ் கட்டையும் குடுத்துட்டா நான் அப்புறம் எதுக்கு வக்கீலு? அடுத்த வாய்தாவுக்கு நானே வர்றன், போ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

சொன்னபடி வந்தார். கொடி கட்டிய காரிலிருந்து இறங்கி, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைந்தபோது வராண்டாவில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் வழக்கைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார், கட்டைப் புரட்டினார், முன்னும் பின்னும் தேடினார். கம்பெனி வக்கீல் பொறுமையாக நின்றார். பிறகு எங்கள் வக்கீல் தாழ்ந்த குரலில், கட்டைப் படிக்க அவகாசம் வேண்டும் என்று வாய்தா கேட்டார். இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்கள்.

படியில் இறங்கும்போது என் தோளைத் தட்டினார். "பாத்தியா, வந்துட்டன் இல்ல?"

"ஆமா சார்" என்றேன். அந்த "ஆமா"வுக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய் போன் பெட்டியிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். காலையிலிருந்து போன் பக்கத்திலேயே இருந்திருப்பாள் போல.

"வக்கீலு வந்தாகளா?" என்றாள் மனைவி.

"வந்தாரு."

"அப்ப வேலை?"