அரை மணித்தியாலம் பிந்திய கரை

வினாத்தாள்களைப் படியெடுக்கும் ரோணியோ மையின் மணம் விரலில் ஒட்டினால் சவர்க்காரம் போட்டாலும் போகாது. வியர்த்த கையால் தாளைப் பிடித்தால் எழுத்து கலைந்து உள்ளங்கையில் நீலமாகப் படியும். உயர்தரப் பரீட்சைக்கு நான் படித்ததெல்லாம் அப்படிப்பட்ட தாள்களில்தான். பள்ளிக்கூடத்தில் புவியியலுக்கு ஆசிரியர் இல்லாததால், யார் யாரோ படித்துக் கைமாறி வந்த பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு, கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும் மாதங்களில் நானாகவே படித்தேன். இலங்கைப் படத்தை ஆறுகளோடு கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். மற்றப் பாடங்கள் எப்படிப் போனாலும் புவியியல் என்னை வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பியிருந்தேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்த காலம் அது. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில், எல்லாம் ‘புது நேரம்’. இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் கரையில் மட்டும் மணிக்கூடுகள் பழையபடியே ஓடின. இந்தக் கரையில் எட்டு மணி என்றால் அந்தக் கரையில் எட்டரை. கலியாணம் சொல்ல வந்தாலும், பஸ் எப்போது என்று விசாரித்தாலும், “எந்த நேரத்துக்கு? பழசா, புதுசா?” என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்கள்.

பரீட்சை அட்டவணை புது நேரத்தில் வந்தது. அதை அப்படியே ஒரு மட்டையில் எழுதினேன். நான் படிப்பதற்குப் போட்ட அட்டவணை, காலை ஐந்துக்கு இது, ஏழுக்கு அது என்று, பழைய நேரத்தில் இருந்தது. இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு, தோணியில் வாவியைக் கடந்து, சென்றியில் நின்ற ஆமிக்காரரிடம் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு, ஆரையம்பதியிலிருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனேன். நினைத்த நேரத்துக்கு வாவியைக் கடக்க முடியாத காலம் என்பதால் பரீட்சை முடியும்வரை அங்கேதான் தங்க வேண்டும். “அங்க போய் வாயத் திறந்து பேசு மகள். பசிச்சாலும் சொல்ல மாட்டாய் நீ,” என்று அப்பா துறையில் வைத்துச் சொன்னார்.

பெரியம்மா, அம்மாவின் மூத்த சகோதரி, பிள்ளைகள் இல்லாதவர். விடியவே சந்தைக்கு மரக்கறி கொண்டுபோய் விற்று மதியம் திரும்புவார். சுவரில் மாட்டியிருந்த மணிக்கூட்டை அவர் பார்த்தே நான் கண்டதில்லை. வெயிலைப் பார்த்துத்தான் சமைப்பார். நான்தான் ஒவ்வொரு முறையும் அதை அண்ணாந்து பார்த்து, விரலை மடித்து அரை மணித்தியாலம் கழித்து, இப்போது எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பேன்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடம் பத்து நிமிட நடைதூரம். முதல் நாள் நேரத்தோடு போய் வாசலில் நின்றேன். அங்கே கூடி நின்ற பெண்களில் ஒருத்தி என் அனுமதி அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, “படுவான்கரையா? இவளுகள் அரை மணித்தியாலம் பிந்திப் பிறந்தவளுகள்டி,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனாலும் அதன்பிறகு, எல்லாரும் உள்ளே போய், வினாத்தாள் கொடுக்கத் தொடங்கும் வேளையில் தலையைக் குனிந்துகொண்டு நுழைவதை வழக்கமாக்கிக்கொண்டேன். இரண்டு பாடங்கள் அப்படியே முடிந்தன. பிறகு இரண்டு நாள் இடைவெளி. அடுத்தது புவியியல்.

அன்று காலையும் பெரியம்மா சந்தைக்குப் போய்விட்டார். பரீட்சை எட்டரைக்கு. மணிக்கூட்டில் எட்டு இருபது ஆனதும் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். பள்ளிக்கூட வாசலில் ஒருவரும் இல்லை. மண்டபத்துக்குள்ளே எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. பேனாக்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மேற்பார்வையாளர் எழுந்து வாசலுக்கு வந்து தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஒன்பது மணி மூன்று நிமிடம்.

“அரை மணித்தியாலம் தாண்டினா உள்ளுக்கு விட ஏலா மகள்,” என்றார் தணிந்த குரலில். பிறகு என் அட்டையைப் பார்த்தார். “அந்தக் கரையா? சென்றியில மறிச்சாங்களா? அப்பிடியெண்டாச் சொல்லுங்க, ஒரு காரணம் எழுதிப்போட்டு விடலாம். பயப்படாமச் சொல்லுங்க.”

ஓம் என்று ஒரு சொல் போதும். பொய் சொல்லக் கூடாது என்று நான் யோசித்து நிற்கவில்லை. அத்தனை தலைகளும் நிமிர்ந்து என்னைப் பார்த்தன; எனக்கு வாய் திறக்கவில்லை. அவர் இன்னொரு தடவையும் கேட்டார். நான் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். என் கணக்குத்தான் எங்கேயோ பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, வாவிக்கரையில் ஒரு கண்ணா மரத்தடியில், மற்றவர்கள் எழுதி முடித்து வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது பெரியம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எப்பிடி புள்ள சோதினை?”

“பரவாயில்ல பெரியம்மா.”

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. செதிள் ஒட்டிய கையால் சுவரைக் காட்டினார். “நீ கவனிக்கவே இல்லையாக்கும். நேத்துப் பின்னேரம் அத உங்கட ஊர் நேரத்துக்குத் திருப்பி வெச்சிட்டன். புள்ள விரல மடிச்சு மடிச்சு எண்ணுறதப் பாக்க எனக்கு ஏலாமக் கிடந்துது. லேசா இருந்திச்சா?”

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

“ஓம் பெரியம்மா. லேசா இருந்திச்சு.”

அன்று அவர் எனக்கு நடுத்துண்டு மீனாகப் பார்த்துப் போட்டார்.

பெறுபேறு வந்தபோது, புள்ளி போதாது என்று மட்டும் வீட்டில் சொன்னேன். பெரியம்மா கண்ணை மூடும்வரை, வருகிறவர்களிடமெல்லாம், “என்ர மணிக்கூட்டப் பாத்துத்தான் இவள் சோதினை எழுதினவள். பாவம், மூளைக்குக் குறைவில்ல, மார்க்குத்தான் காணல்ல,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று தேநீர் கொடுத்திருக்கிறேன்.

இப்போது என் மகள் அதே பரீட்சைக்குப் படிக்கிறாள். அட்டவணை அவளுடைய போனில் வருகிறது. வெள்ளம் என்று தள்ளிப் போடுவதும் அதிலேயே வருகிறது. ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் அவள் படித்ததையே மறுபடி படிக்கிறாள். எனக்குப் பார்க்கவே களைப்பாக இருக்கிறது. துறை இருந்த இடத்தில் பாலம் இருக்கிறது. சென்றி இல்லை, பழைய நேரமும் இல்லை. நாடு மறுபடி அந்த நேரத்துக்கே திரும்பிவந்து, இரண்டு கரைக்கும் ஒரே மணி ஆகிப் பல வருடங்களாகின்றன.

போன கிழமை அவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, “அம்மா, நீங்க ஏன் ரெண்டாந்தரம் எடுக்கல்ல?” என்று கேட்டாள்.

“வட்டையில வேலை இருந்துது மகள்,” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் படிக்கத் தொடங்கினாள்.

வயல் வேலை இருந்தது உண்மைதான். ஆனால் இரண்டாந்தரம் எழுதுவதென்றால் பெரியம்மா வீட்டில்தான் மறுபடி தங்கியிருக்க வேண்டும். நான் வருகிறேன் என்று தெரிந்ததுமே அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மணிக்கூட்டைத் திருப்பி வைத்திருப்பார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்; அதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.